பெரட்டுக்கு வர முடிந்தால் நோயில்லை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது எங்கள் தலைமுறை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, பெரியப்பா மூவருக்கும் ஐம்பது வயதுக்குள் இனிப்பு நீர் (நீரிழிவு) வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தாகிவிட்டது. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டி 88 வயது வரை ஒரு மாத்திரைகூட எடுக்காமல் வாழ்ந்து முடித்தார். தோட்டத்துச் சாப்பாடு நல்லது, டவுன் சாப்பாடுதான் கெடுத்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். இது இந்தியர்களின் இரத்தத்திலேயே உள்ளது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்பது அவருடைய கேள்வி.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் உங்கள் பெரியப்பாவின் கால்விரல் ஏன் போனது என்பதற்கு முழு விடை கிடைக்காது. நான் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பிறகு மருத்துவ உதவியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க கிளினிக்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாப்பாட்டையும் இரத்தத்தையும் விட என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது ஒன்று: நோய் என்றால் என்ன என்று தோட்டம் நம் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரம் முழுவதும் காட்டை அழித்து உண்டாக்கியது. ஒரு பக்கம் ஈயம் தோண்டினார்கள். அந்தக் குட்டைகள் இன்றும் கிடக்கின்றன. மறுபக்கம் கித்தா (ரப்பர்) மரம் நட்டார்கள். ஊருக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே மலாயாவிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனையை நட்டார். காட்டை வெட்டிய இடத்தில் முதலில் வந்தது இலாபமன்று, காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் இதை நெடுங்காலம் கவனித்துப் பார்த்தவர். கடலோரச் சமவெளியில் நிழல் விழுந்த சதுப்பு நீரில் வளரும் அனோபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசுவே மலேரியாவைப் பரப்பியது. அங்கே காட்டை வெட்டி வாய்க்கால் போட்டதும் காய்ச்சல் குறைந்தது. அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களில் போட்டபோது நேர்மாறாக நடந்தது, ஏனென்றால் அங்கே உள்ள அனோபிலிஸ் மாகுலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்பும் கொசு. மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டவர்களே அதற்கு வீடு கட்டிக்கொடுத்தார்கள். ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓடவிட்டும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும்தான் அதை அடக்க முடிந்தது. அதற்குள், ஓராண்டில் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மேல் மாண்ட தோட்டங்கள் இருந்தன.

இவ்வளவு செலவு செய்து வாய்க்கால் வெட்டியதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணியை ஊருக்கு அனுப்பி, கப்பலேற்றிக் கொண்டுவரும் ஒவ்வொரு ஆளுக்கும் பணம் செலவானது. 1907இல் அதற்கென்றே முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை அமைத்தார்கள். வந்த ஆள் ஆறு மாதத்தில் செத்தால் அல்லது நடுங்கிக்கொண்டு படுத்தால் அந்தப் பணம் வீண். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்த பிறகும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்து ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் முதலியவற்றை முதலாளிமேல் கடமையாக்கிய பிறகும், கணக்கு அடிப்படையில் மாறவில்லை. மருத்துவம் இருந்தது, அது உண்மை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அன்று கிடைக்காத மருத்துவம். ஆனால் அது ஆளைப் பெரட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக இருந்த மருத்துவம்.

இளையவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லே தெரியாமலிருக்கலாம். விடியுமுன் மணியடித்ததும் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கங்காணியோ தண்டலோ பெயர் கூப்பிடுவார், எழுத்தரான கிராணி குறித்துக்கொள்வார், யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று அங்கேதான் பிரிப்பார்கள். பெயர் கூப்பிடும்போது இல்லாதவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போய் நிற்க வேண்டும். டிரெசர் நாக்கை நீட்டச் சொல்வார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், காய்ச்சல் கம்பியை வைப்பார். சுடுகிறது என்றால் கொயினாவும் (குயினைன்) மிக்சரும் கொடுத்து 'சீக்கு' என்று எழுதுவார். சுடவில்லை என்றால் 'வேலைக்குப் போகலாம்'. சில டிரெசர்கள் கருணையுள்ளவர்கள். ஒரு கர்ப்பிணிக்கு முதுகு வலிக்கிறது என்றால் எதையாவது எழுதிக்கொடுத்து ஒரு நாளைக் காப்பாற்றிக் கொடுப்பார்கள். சிலர் அப்படியில்லை. எப்படியானாலும் அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இவரால் இன்று வேலைக்குப் போக முடியுமா, முடியாதா?

மூன்று நான்கு தலைமுறை இந்தக் கேள்விக்குள் வாழ்ந்தது. அதனால் நம் குடும்பங்களில் 'சீக்கு' என்ற சொல்லுக்கு எழுந்து நிற்க முடியாமை என்பதே பொருளாக ஊறிவிட்டது. மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் இந்தப் பொருள் போதும். அவை ஆளைச் சாய்த்துவிடும். இனிப்பு நீருக்குப் போதாது. அது பத்து ஆண்டுகள் உடம்புக்குள் இருந்துகொண்டே ஆளை வேலைக்கு அனுப்பும். பசிக்க வைக்கும், தாகமெடுக்க வைக்கும், இரவில் இரண்டு மூன்று தடவை எழுப்பும். அவ்வளவுதான். அதற்குள் கண்ணின் உள்திரையிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்புகளிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம்மில் பலர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து மூச்சு வாங்குவோம். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறொன்று: அந்த 18.3இல் 8.9 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஏறக்குறையப் பாதிப்பேர்.

கிளினிக்கில் நான் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம், "நான் நல்லாத்தான் இருக்கேன் சார், டெய்லி வேலைக்குப் போறேனே" என்பது. அதைச் சொன்னவர்களில் பலருக்கு இரத்தத்தில் சர்க்கரை (மில்லிமோல் கணக்கில்) பதினைந்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் வந்த காரணமும் பெரும்பாலும் வேறு: இருமல், இடுப்புப் பிடிப்பு, எம்.சி. என்ற மருத்துவ விடுப்புத் தாள். எம்.சி.க்காக மட்டும் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று அதிகாரிகள் எரிச்சல்படுவதுண்டு, நானும் பட்டிருக்கிறேன். அந்தத் தாள் டிரெசர் எழுதிய 'சீக்கு' என்ற குறிப்பின் பேரப்பிள்ளை என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது உங்கள் வீட்டார் சொல்லும் சாப்பாட்டுக்கு வருவோம். தோட்டத்துச் சாப்பாடு நல்லது என்பது பாதி நினைவு, பாதி ஆசை. இரண்டு வேளையும் சோறு, கருவாடு, ஊறுகாய், பருப்பு, எப்போதாவது கோழி, நாள் முழுக்கத் தகரப்பால் (டின்னில் வரும் இனிப்புப் பால்) ஊற்றிய தே (தேநீர்). உப்பும் அதிகம், இனிப்பும் அதிகம், சோறும் மலையளவு. இதைத் தின்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர்கள் அதை எரித்தார்கள். ஒரு பால்வெட்டுக்காரர் நாளொன்றுக்கு 500 முதல் 600 மரம் வரை வெட்டுவார். மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து, நிமிர்ந்து, உளியை இழுத்து, பால் வடியும் கிண்ணத்தைச் சரிசெய்து அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். முடித்த பிறகு மறுபடியும் அதே நிரையில் நடந்து பாலை எடுக்க வேண்டும். பிறகு காண்டா என்ற தோள் தடியில் இரு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் இதெல்லாம் விடியலுக்கு முன் தொடங்கி மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதன்பின் மாட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு, கொல்லையில் மரவள்ளி. அந்த உடம்புக்கு இனிப்புத் தே ஒரு மருந்தைப் போல வேலை செய்தது.

அரிசியைப் பற்றி ஒரு செய்தி. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவின் சீனத் தொழிலாளர்களை பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் கொத்துக்கொத்தாகக் கொன்றது. தமிழ்த் தொழிலாளர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இரு சாராரும் ஏழைகள், இரு சாராரும் சோறு தின்பவர்கள். 1907இல் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளர்களை ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசி தின்ற கூட்டத்தில் நோய் வந்தது. தமிழர்களைக் காப்பாற்றியது அவர்கள் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய புழுங்கல் அரிசி. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் நம் பிள்ளைகளே புழுங்கல் அரிசிச் சோற்றில் வாடை வருகிறது என்று ஒதுக்கிவிட்டு, பளபளக்கும் சியாம் வெள்ளையரிசிக்கு மாறினார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்திலும் பொதுவாகப் புழுங்கல் அரிசி சற்று மெதுவானது.

ஆகவே டவுன் சாப்பாடு கெடுத்தது என்பதைவிட, உழைப்பு போனது, சோற்றின் அளவு போகவில்லை என்பது சரி. அறுபதுகளிலிருந்து கித்தாவைச் சாய்த்துச் செம்பனையை நட்டார்கள். அதே பரப்புக்கு முன்போல் அத்தனை ஆள் தேவைப்படவில்லை. பிறகு நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. பால் வெட்டியவரின் மகன் கம்பெனி வாசலில் பாதுகாவலராக பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் தொழிற்சாலையில் மின்சாதனப் பாகம் பொருத்தினார். வேலைக்கும் கடைக்கும் மோட்டார் சைக்கிள். நாளைக்கு நான்கு தே தாரேக் மட்டும் தோட்டத்திலிருந்து அப்படியே கூட வந்தது. தோட்டத்திலேயே இதற்கு முன்னோடி இருந்தது: நான் சிறுவனாக இருந்தபோது இனிப்பு நீர் என்றால் அது கிராணி வீட்டு நோய். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு முதலில் வந்தது. இரத்தத்தில் அவரும் நம்மைப் போலத்தான்.

இரத்தம் என்று கிளினிக்கில் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தையே பார்க்காத தமிழ்நாட்டு நகரவாசிகளிடமும் இந்நோய் அதிகம். கரும்புத் தோட்டத்துக்குப் போன தர்பன், மொரிஷியஸ், ஃபிஜி இந்தியர்களிடமும் அதிகம். ஒரே எடையுள்ள வெள்ளையரை விட நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. அதனால்தான் இங்கே உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்கிறோம்; ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. ஆனால் 'இரத்தம்' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மரபணு. மற்றது தாயின் வயிற்றில் நடந்தது.

பிரிட்டனில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் நடுத்தர வயதில் இதய நோய்க்கும் இனிப்பு நீருக்கும் கூடுதலாக ஆளாவதைக் காட்டினார். புனேயில் யாக்னிக் என்ற மருத்துவர், நம் நாட்டுப் பச்சைக்குழந்தைகள் எடையில் மெலிந்திருந்தாலும் அந்த எடைக்குள் கொழுப்பின் பங்கு அதிகமாக இருப்பதைக் கண்டறிந்தார். வயிற்றில் இருக்கும் சிசு சத்துப் பற்றாக்குறையைச் சமாளிக்க, தசையையும் கணையத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மூளையைக் காப்பாற்றிக்கொள்கிறது. பஞ்சத்துக்குத் தயாராகும் உடம்பாக அது பிறக்கிறது. பிற்காலத்தில் சோறு தாராளமாகக் கிடைத்தால் அந்தக் கணையம் தடுமாறுகிறது. இதைத் தோட்டத்துத் தாய்மாரோடு பொருத்திப் பாருங்கள். வெறுங்காலோடு நடந்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு ஏறி இரத்தத்தை உறிஞ்சியது; சோகை பிடித்த உடம்போடு நிறைமாதத்துக்குக் கிட்டவரை நிரையில் நின்றார்கள்; ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று, ஆண்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். பிறந்த பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுத் தாய் விடியலில் காட்டுக்குப் போனபின் தாய்ப்பால் எங்கே கிடைக்கும்? இனிப்புத் தகரப்பாலைக் குழந்தை உணவென்று விளம்பரப்படுத்தி விற்ற காலம் அது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி அதைக் கடுமையாகக் கண்டித்தார். மரபணுவை மாற்ற முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு நான் சொல்வது, இதில் ஒரு பங்கு மரபணுவே அன்று, கூலிக்கணக்கு என்பதுதான்.

உங்கள் பாட்டி உங்கள் அப்பாவை வயிற்றில் சுமந்த மாதங்களில் தோளில் காண்டாவும் சுமந்திருப்பார். அவர் தப்பித்து, பிள்ளைகள் மாட்டிக்கொண்டதில் புதிர் ஒன்றும் இல்லை. எண்பதுக்கு மேல் வாழ்ந்த பாட்டிகளைத்தான் நாம் பார்க்கிறோம். அதே லயத்தில் நாற்பதில் பிரசவத்திலோ காய்ச்சலிலோ போனவர்கள் நம் உதாரணத்தில் சேர்வதில்லை. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: பாட்டிக்கு நோயில்லை என்பதை யாராவது இரத்தம் எடுத்துப் பார்த்தார்களா? மாத்திரை எடுக்கவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.

தோட்டம் விட்டுச்சென்ற வேறு சுமைகளும் உண்டு. காண்டா சுமந்த தோளும் தாழ்ந்த வெட்டுக்குக் குந்திய முழங்காலும் முதுமையில் வட்டியோடு வசூலிக்கும். செம்பனையில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை அறுத்தவர்களின் கழுத்தும் இடுப்பும் அப்படியே. மருந்தடித்த பெண்களின் கதை தனி. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த அக்காமார்களுக்கு மூக்கில் இரத்தம் வந்தது, நகம் கறுத்து உரிந்தது, கண் எரிந்தது. வெயிலில் ரப்பர் உறையும் முகமூடியும் அணிய முடியாது என்பது தெரிந்தே அவற்றைக் கொடுத்தார்கள், சில இடங்களில் கொடுக்கவும் இல்லை. அரசாங்கம் 2002இல் அந்த மருந்தைத் தடைசெய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுமையாகத் தடைசெய்தது. இந்தப் பெண்களில் எவரும் அடித்த மருந்தின் பெயரை அட்டையில் எழுதிவைத்து கிளினிக்குக்குக் கொண்டுவந்ததில்லை. அறுபது வயதில் தோல் நோயோடோ மூச்சுத்திணறலோடோ வரும்போது அதை அவர்களுடைய வேலையோடு சேர்த்துப் பதிவு செய்ய ஆதாரம் ஒன்றும் இருப்பதில்லை. மலேரியாவோ பெரும்பாலும் ஒழிந்தேவிட்டது. மனிதர்களிடையே பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை மட்டும் காட்டோரங்களில் தொடர்கிறது.

குடியைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். குடிப்பது தமிழனின் குணம் என்று பேசுபவர்கள், தோட்டத்துக் கள்ளுக்கடை யாருடைய ஏற்பாட்டில், எந்த இடத்தில் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, தோட்டத்துக்குள்ளேயே அது இருந்தது. 1941இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்து அடியும் சிறையும் பட்டது. குடிக்க வேண்டாம் என்று கேட்டதே அந்த மக்கள்தான். கள் பின்வாங்கிய இடத்தில் மலிவான சம்சு சாராயப் போத்தல் வந்தது. அது கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது, கல்லீரலையும் கணையத்தையும் ஒருசேரக் கெடுப்பது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயத்தால் பலர் மாண்டபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தாத்தா நின்ற வரிசையில் இன்று வேறொரு நாட்டுப் பிள்ளை நிற்கிறான்.

தோட்டம் கலைந்தபோது உடல்நலத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டிரெசரின் அறையில் எவ்வளவு குறை இருந்தாலும் அது லயத்திலிருந்து ஐந்து நிமிட நடை. யார் யாருக்கு என்ன வியாதி என்பது அவருக்கு வீட்டுவாரியாகத் தெரியும். நிலம் கைமாறியதும் ஆஸ்பத்திரி முதலில் மூடப்பட்டது. வீடு கடைசியாகக் கிடைத்தது. மாற்று வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்த தோட்டத்துக் குடும்பங்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. கிடைத்த அடுக்குமாடியில் மின்தூக்கி இல்லை. கொல்லை இல்லை, அதனால் முருங்கையும் பசலையும் வெண்டையும் இனிமேல் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மாடு இல்லை, கோயில் திருவிழாவுக்குப் பழைய லயத்து ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடுகிறார்கள். கால் எடுத்த ஒரு முதியவர் நான்காம் மாடியிலிருந்து கீழே இறங்க நான்கு இளைஞர்கள் தேவை. அவர் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவராக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் சிறுநீரகம் செயலிழந்து சுத்திகரிப்புக்கு வருபவர்களிடம் முதல் காரணம் இனிப்பு நீர்தான்.

நான் வேலை பார்த்த கிளினிக் ஒன்றில், காலில் புண் என்று வந்த ஒரு முன்னாள் பால்வெட்டுக்காரரைக் கட்டுப்போட்டு மூன்று வாரம் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தோம். சர்க்கரை பார்த்தது நான்காம் வாரம். அவர் 'வலிக்கவே இல்லை' என்றார், நாங்களும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். வலிக்காத புண்தான் பயப்பட வேண்டிய புண் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எனக்கும் தெரிந்ததுதான். எழுந்து நடந்து வந்தவரை நோயாளியாகப் பார்க்காத கண் டிரெசருக்கு மட்டும் உரியதன்று.

இனி உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே மருந்தில் இருப்பதால் அவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும், ஆண்டுக்கொரு முறை கண் உள்திரைப் படமும், சிறுநீரில் புரதமும், கால் உணர்ச்சிச் சோதனையும் நடக்கின்றனவா என்று கிளினிக்கில் கொடுக்கும் அவர்களுடைய பச்சைப் புத்தகத்தை (இனிப்பு நீர்ப் பதிவேட்டை) வாங்கிப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதற்குள். சித்தப்பா, அத்தை என்று இன்னும் சோதிக்காதவர்கள் இருந்தால், குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் தனியார் கிளினிக்கிலேயே இலவசச் சோதனை உண்டு. சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினர்களுக்கும் 40 வயதில் தனியாக ஒரு சோதனைத் திட்டம் இருக்கிறது. கிளினிக்குக்குக் கூப்பிடும்போது 'உங்களுக்கு உடம்பு சரியில்லையா' என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். 'இன்றைக்குச் சாப்பிடாமல் வாருங்கள், ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடலாம்' என்று சொன்னால் வருவார்கள். நான் இப்படித்தான் என் சொந்த அண்ணனைக் கூட்டிப்போனேன். ரொட்டி சானாயை ஒன்றோடு நிறுத்தியது வேறு கதை.

சோற்றை விடச் சொல்லாதீர்கள். தட்டில் பாதியைக் காய்கறிக்குக் கொடுத்துவிட்டு, முடிந்தால் புழுங்கல் அரிசிக்குத் திரும்பச் சொல்லுங்கள். தேயில் தகரப்பாலை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே எளிதும் பலனுள்ளதும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இரு பக்கமும் இனிப்பு நீர் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். முப்பதைத் தொட்டுவிட்டிருந்தால், அல்லது இடுப்பு 90ஐத் தாண்டியிருந்தால் அதற்கு முன்பே, இந்த மாதமே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு மீதியுள்ள எட்டு விரல்களையும் தினம் இரவு யாராவது ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. அவருக்கே வலி தெரியாது என்பதால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டுக்குள்ளும் அவர் செருப்பு போட்டுக்கொள்ளட்டும். வெறுங்காலோடு நடந்து பழகிய தலைமுறை, முதலில் முரண்டு பிடிக்கும்.